லோரி டிரைவரின் நேரம் யாருக்குச் சொந்தம்?

நெடுஞ்சாலையில் ஒரு லோரி கவிழ்ந்தால் மறுநாள் நாடெங்கும் எழும் கேள்வி ஒன்றே: "டிரைவர் தூங்கிவிட்டாரா?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய வேறு கேள்விகளும் உண்டு. அந்த டிரைவர் அன்று எத்தனை மணிக்குப் பாயை விட்டு எழுந்தார்? அத்தனை நேரம் அவரை விழித்திருக்க வைத்தது யார்? அந்த விழிப்பினால் லாபம் கண்டது யார்? இவற்றைக் கேட்பார் இல்லை. பழி டிரைவர் தலையில் விழுகிறது. கணக்கு அத்தோடு முடிந்துவிடுகிறது.

தோட்டத் தொழிலாளர் பத்திரிகைக்கு லோரியைப் பற்றி என்ன பேச்சு என்று சில அன்பர்கள் நினைக்கக்கூடும். அவர்கள் தங்கள் லயத்தையும் பக்கத்து வீட்டையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பால்மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் சாய்ந்து பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கையில் எடுத்தது பால் வெட்டும் கத்தியை அல்ல, லோரியின் ஸ்டியரிங்கைத்தான். இன்று செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரியிலும், எண்ணெய் ஏற்றும் டாங்கியிலும், கிள்ளான் துறைமுகத்துக் கன்டெய்னர் வண்டியிலும் அமர்ந்திருப்பவன் பிரட்டுக்குப் போன தொழிலாளியின் மகன். தகப்பனுக்காகப் பேசிய நாம் மகனுக்காகப் பேசாமல் இருக்க முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் டிரைவர்களில் பலருக்கு, "லோரி வேலைக்கு மணிக்கணக்கு கிடையாது" என்று சொல்லியே வேலை கொடுக்கிறார்கள். இது பொய். தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் லோரி டிரைவருக்கும் பொருந்தும். வாடகைக்கோ வாணிபத்துக்கோ ஆட்களையும் சரக்கையும் ஏற்றும் இயந்திர வண்டியை ஓட்டுபவரை, அவர் சம்பளம் எவ்வளவு என்று பாராமலே, அந்தச் சட்டம் தன் பாதுகாப்பில் வைத்திருக்கிறது.

அச்சட்டத்தின் 60ஏ பிரிவை ஒவ்வொரு டிரைவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் 30 நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். 30 நிமிடத்துக்குக் குறைந்த இடைவேளை ஓய்வாகக் கணக்கில் சேராது. அதாவது வரிசையில் நிற்கும்போது ஓடிப்போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரும் 10 நிமிடத்தை ஓய்வு என்று யாரும் எழுத முடியாது. வழக்கமான வேலை நாளுக்கு 8 மணி நேரம். வாரத்துக்கு 45 மணி நேரம். முன்பு 48 ஆக இருந்த இந்த வாரக் கணக்கு 2023 ஜனவரி 1 முதல் 45 ஆகக் குறைந்தது. மிகைநேரத்தையும் சேர்த்து, விபத்து போன்ற சில அவசர நிலைகள் தவிர, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. மிகைநேரம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 1980-ஆம் ஆண்டின் விதி சொல்கிறது.

இவற்றையெல்லாம் விட முக்கியமான வாசகம் ஒன்று அதே பிரிவில் இருக்கிறது. வேலை நேரம் என்றால் என்ன? தொழிலாளி தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல், முதலாளியின் ஏவலுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் வேலை நேரமே. சட்டத்தின் கருத்து இது. சக்கரம் உருண்டால்தான் வேலை என்று சட்டம் சொல்லவில்லை. துறைமுக வாசலில் வரிசையில் நிற்பதும், பண்டகசாலையில் சரக்கு இறங்கும்வரை வண்டியை விட்டு நகர முடியாமல் இருப்பதும் வேலைதான்.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் நம் தோழர்கள் 15 மணி நேரம், 16 மணி நேரம் உழைப்பது எப்படி? அதிகாரிகள் கண்காணிக்கவில்லை என்று சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் காவலுக்கு ஆள் போட்டும் தீராத காரணம் ஒன்று இருக்கிறது. அது சம்பளம் கணக்கிடப்படும் முறை.

டிரிப் காசு என்னும் சாட்டை

லோரித் தொழிலில் பரவலாக இருப்பது டிரிப் முறை. அடிப்படைச் சம்பளம் சிறியது. ஒவ்வொரு டிரிப்புக்கும் இவ்வளவு என்று மேலே கொடுப்பார்கள். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம், 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளி. டிரிப் ஒன்றுக்கு 80 வெள்ளி. மாதம் 20 டிரிப் ஓடினால் 1,600 வெள்ளி. 30 டிரிப் ஓடினால் 2,400 வெள்ளி. இடையில் இருக்கும் 800 வெள்ளி என்ன? அது வீட்டு வாடகை. பிள்ளையின் பள்ளிச் செலவு. மோட்டார் சைக்கிள் தவணை. அந்த 800 வெள்ளியைத் தேடித்தான் ஒருவன் தூக்கத்தை விற்கிறான். முதலாளி "ஓட்டு" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. டிரிப் காசு அதைச் சொல்லிவிடும்.

இனி ஒரு நாளைப் பார்ப்போம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வண்டி, சுங்கச் சாவடி, நகர நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டர் என்றால் போக ஏறக்குறைய 6 மணி நேரம், வர 6 மணி நேரம். இதிலேயே 12 மணி நேரம் தீர்ந்தது. காலை 5 மணிக்கு வண்டியை எடுத்தவர் துறைமுகத்தில் 3 மணி நேரமும், சரக்கு இறக்கும் இடத்தில் 2 மணி நேரமும் காத்திருந்தால் மொத்தம் 17 மணி நேரம். வண்டியை நிறுத்தும்போது இரவு 10 மணி. அவர் கண் விழித்ததோ விடியற்காலை 4 மணிக்கு. மறுநாளும் 5 மணிக்கு வண்டி புறப்பட வேண்டும் என்றால் அவர் தூங்குவது எப்போது?

இந்த நாளில் காத்திருந்த 5 மணி நேரத்துக்கு டிரிப் முறை கொடுப்பது என்ன? ஒன்றுமில்லை. துறைமுகம் தாமதம் செய்தாலும், தொழிற்சாலை தாமதம் செய்தாலும், பத்திரத்தில் பிழை என்று கிராணி திருப்பி அனுப்பினாலும் நஷ்டம் டிரைவருக்கே. அந்த நஷ்டத்தை அவர் எங்கே ஈடுகட்டுவார்? சாலையில். வேகத்தைக் கூட்டுவார், ஓய்வைக் குறைப்பார். வேறு வழியே அவருக்கு விடப்படவில்லை.

தோட்ட மக்களுக்கு இது புதிய கதை அல்லவே! மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்று பேர் இல்லை. மழை தொழிலாளியின் குற்றமா என்று கேட்டுத்தான் நாம் மாதச் சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடினோம். பாலின் எடைக்குச் சம்பளம், ரப்பர் விலைக்குச் சம்பளம் என்ற முறைகளால் வாணிபத்தின் ஆபத்தெல்லாம் உழைப்பவன் தோளுக்கு மாறுவதை நாம் கண்டோம். துறைமுக வாசலில் காத்திருப்பதுதான் லோரி டிரைவருக்கு மழை. இங்கே வேறுபாடு ஒன்று உண்டு. மழையில் பேர் இழந்த வெட்டுத் தொழிலாளி வீட்டில் படுத்தாவது இருந்தார். லோரி டிரைவரோ காசும் இன்றி, தூக்கமும் இன்றி, அதன் பிறகு பெரும் பாரத்தை ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வருகிறார். அந்தச் சாலையில் மற்றவர்களின் பிள்ளைகளும் போகிறார்கள்.

தூக்கத்தோடு மல்லுக்கட்ட முடியாது

"எனக்குப் பழக்கம். நான் தூங்க மாட்டேன்" என்று சொல்லும் டிரைவர்கள் உண்டு. அவர்களுடைய தைரியத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் தூக்கம் தைரியத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. 1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் மூளையும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடையதைப் போல மந்தமாகின்றன என்று அது காட்டியது. நம் நாட்டில் 2020-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது வைத்த மது வரம்பும் அதே 50 மில்லிகிராம்தான். மேலே சொன்ன டிரைவர் 4 மணிக்கு எழுந்தவர். இரவு 9 மணிக்கு அவர் அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். ஒரு சொட்டு மதுவும் தொடாத மனிதர்! குடித்துவிட்டு ஓட்டினால் சிறை என்கிறோம். குடித்தவர் நிலைக்கு ஒருவரை உழைக்க வைத்து ஓட்டச் சொல்வதற்கு என்ன பெயர்?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லோரி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. கண் 4 விநாடி சொக்கினால், ஓட்டுவோர் இல்லாத வண்டியாக அது ஏறத்தாழ 90 மீட்டர் போய்விடும். கோப்பியும் ஊக்கப் பானமும் சிறிது நேரம் தாங்கும். தூக்கக் கடனை அவை அடைக்க மாட்டா. மாத்திரைகளோ அதனினும் கொடியவை. களைப்பைப் போக்காமல், களைப்பு தெரியாமல் மறைப்பது அவற்றின் வேலை. மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் மறைந்திருந்த களைப்பெல்லாம் ஒரே அடியாக விழும். அந்தப் பழக்கத்தில் இறங்கிய தோழரைத் திட்டுவதால் பயனில்லை. அவரை அங்கே தள்ளிய நேரக் கணக்கை மாற்ற வேண்டும்.

விபத்து நேர்ந்தால் தண்டனை யாருக்கு? பொறுப்பற்று வண்டி ஓட்டி மரணம் விளைவித்தால், 2020-இல் திருத்தப்பட்ட 41-ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 5 முதல் 10 ஆண்டு சிறையும், 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கலாம். நேரப் பட்டியலைப் போட்டவரின் பெயர் அந்தக் குற்றப் பத்திரிகையில் பெரும்பாலும் இருப்பதில்லை. டிரிப் காசு வாங்கியவர் கையில்தான் விலங்கு.

2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டார்கள். ஒரு மாதம் கழியுமுன், ஜூன் 9-இல், கிரிக் அருகே பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டார்கள். இவ்விரண்டுக்கும் தூக்கம்தான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதன் பிறகு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. அதை வரவேற்கிறோம். ஆனால் வண்டியின் வேகத்துக்கு ஒரு கருவி பொருத்திவிட்டு, மனிதனை விரட்டும் சம்பள முறையை அப்படியே விட்டுவைத்தால் பாதி வேலைதான் செய்தோம்.

பிற நாடுகள் காட்டும் பாடம்

நாம் கேட்பது உலகம் அறியாத புதுமை அல்ல. பிரிட்டன் 1930-ஆம் ஆண்டிலேயே லோரி டிரைவர் தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேலும், ஒரு நாளில் 11 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக் கூடாது என்று சட்டம் செய்தது. உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1979-இல் நிறைவேற்றிய 153-ஆவது உடன்படிக்கை, தொடர்ந்து 4 மணி நேரம் ஓட்டினால் ஓய்வு, நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஓட்டும் நேரத்துக்கே வரம்பு வைத்தது. மலேசியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதியில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, நாளுக்குப் பொதுவாக 9 மணி நேரம் என்பது மட்டும் அல்ல. ஓடிய தூரத்துக்கும், சேர்த்த விரைவுக்கும், ஏற்றிய சரக்கின் அளவுக்கும் ஏற்பக் கூலி கொடுப்பது பாதுகாப்பைக் கெடுக்குமானால், அப்படிக் கொடுக்கக் கூடாது என்கிறது அந்த விதி. சரக்கு அனுப்புவோரும் இந்த நேர வரம்புக்கு ஏற்றபடியே காலக்கெடு வைக்க வேண்டும் என்கிறது. நேரமும் கூலியும் ஒரே கயிற்றின் இரு நுனி என்பதை அங்கே உணர்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்கா மாறான பாடத்தைச் சொல்கிறது. அங்கே நாளுக்கு 11 மணி நேரம்தான் ஓட்டலாம். 2017 டிசம்பர் முதல் மின்கருவி அதைப் பதிவு செய்கிறது. ஆனால் மாநில எல்லை கடந்து ஓட்டும் லோரி டிரைவர்களுக்கு 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிகைநேரச் சம்பளம் இல்லை. மைல் கணக்கில் கூலி வாங்குவோர் ஏராளம். கருவி மணியை எண்ணுகிறது. காத்திருக்கும் நேரமோ வீணாகிறது. ஆகவே, கடிகாரம் மட்டும் வைத்தால் போதாது. கடிகாரம் எண்ணும் ஒவ்வொரு மணிக்கும் காசு வேண்டும்.

சில ஆட்சேபங்கள்

"நேரத்தைக் குறைத்தால் என் வருமானம் குறையும்" என்று டிரைவர் தோழரே சொல்வார். அவர் அச்சம் நியாயமானது. அதனால்தான் சம்பளத்தைத் தொடாமல் நேரத்தை மட்டும் குறைக்கும் எந்தத் திட்டத்தையும் நாம் ஆதரிக்கவில்லை. முதலில் கூலி முறை மாற வேண்டும். நேர வரம்பு அதன் தோள்மேல் நிற்க வேண்டும். சம்பளம் எந்த அடிப்படையில் பேசப்பட்டிருந்தாலும் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1,700 வெள்ளியை மட்டும் எடுத்து, 26 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. 8 மணி நேரத்துக்கு மேல் துறைமுக வாசலில் நின்ற ஒவ்வொரு மணிக்கும் இந்தக் காசு தமக்கு வந்ததா என்று ஒவ்வொரு டிரைவரும் கணக்குப் பார்க்கட்டும்.

"செலவு கூடும், சரக்குக் கட்டணம் ஏறும்" என்பார்கள் முதலாளிமார். செலவு இன்றும் இருக்கிறது. ஆனால் அதை டிரைவர் தூக்கத்தால் கட்டுகிறார். அவர் மனைவி மக்கள் அச்சத்தால் கட்டுகிறார்கள். காத்திருக்கும் மணிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று வந்தால், காத்திருக்க வைப்பதைக் குறைக்கும் வழியைத் துறைமுகமும் தொழிற்சாலையும் தாமே கண்டுபிடித்துவிடும். இலவசமாகக் கிடைப்பதை யாரும் சிக்கனமாகச் செலவிடுவதில்லை.

"நீ தொழிலாளி அல்ல, கான்ட்ராக்டர்" என்று சிலரிடம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். காகிதத்தில் எழுதியதால் உண்மை மாறாது. வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் மற்றொருவர் கட்டுப்படுத்தினால், வண்டியையும் கருவியையும் அவரே கொடுத்தால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை அவரை முதலாளியாகவே கருத 2023 முதல் சட்டத்தில் இடம் உண்டு.

நாம் கேட்பது

1. வேலைக்கு வந்த நேரம் முதல் விடுபடும் நேரம் வரை எல்லா மணிக்கும் சம்பளம். காத்திருப்பும் அதில் அடக்கம். டிரிப் காசு படிப்படியாக அடிப்படைச் சம்பளத்தோடு சேர வேண்டும்.

2. லோரி டிரைவருக்கென ஓட்டும் நேரத்துக்கும் இரவு ஓய்வுக்கும் தனி விதி. 153-ஆவது உடன்படிக்கையை மலேசியா ஏற்க வேண்டும்.

3. காலக்கெடு வைக்கும் சரக்கு உரிமையாளரும், வாசலில் நிறுத்திவைக்கும் இடத்தாரும் பொறுப்பில் பங்கு ஏற்க வேண்டும்.

4. ஜிபிஎஸ் கருவி உள்ள லோரிகளில் அதன் கணக்கு முதலாளி கையில் மட்டும் இருக்கக் கூடாது. மாதந்தோறும் டிரைவர் கைக்கும் வர வேண்டும்.

5. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் லோரி நிறுத்திப் படுக்கப் போதிய இடம் வேண்டும்.

இவை நாளையே வந்துவிடா. அதுவரை டிரைவர் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்த நேரம், வண்டி எடுத்த நேரம், எங்கே எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள், எப்போது விடுபட்டீர்கள் என்று நாள்தோறும் எழுதுங்கள். மாதச் சம்பளச் சீட்டை அதனோடு சேர்த்து வையுங்கள். தொழிலாளர் இலாகாவுக்குப் போகும்போது வாய்ப் பேச்சைவிட அந்தப் புத்தகம் உரக்கப் பேசும். கண் சொருகும் நிலையில் ஓட்டச் சொன்னால், ஆபத்தை முதலாளிக்குத் தெரிவியுங்கள். உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும்போது, முதலாளி அதை நீக்காவிட்டால், வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையை 2024 ஜூன் 1 முதல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது.

ஆனால் தனி ஆள் காட்டும் புத்தகத்தை முதலாளி கிழித்து எறியலாம். தனி ஆள் மறுத்தால் வேறு ஆளைத் தேடலாம். ஒரே டிப்போவில் இருபது பேர் இருபது புத்தகத்தோடு வந்தால் என்ன செய்வார்? அதற்குத்தான் சங்கம். தோட்டத்தில் ஒரு காலத்தில் சூரியன் உதிக்குமுன் தொடங்கி, துரை சொல்லும்வரை வேலை என்றிருந்தது. அதற்கு ஒரு முடிவு நேரம் வந்தது யாருடைய தயவாலும் அல்ல. தொழிலாளர்கள் சேர்ந்து நின்றதால் வந்தது. லோரித் தொழிலுக்கும் அந்த முடிவு நேரம் வர வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளே, போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தில் சேருங்கள். இந்த மாதமே புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள்.